அம்மாவுக்குக் கூடிய தசை

மெஷினிலிருந்து இறங்கியதும் அம்மா, "என்னடி சொல்லுது?" என்று கேட்டார். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "தசை 2.4 கிலோ கூடியிருக்கும்மா. கொழுப்பு 39லேருந்து 37க்கு வந்துடுச்சு" என்றேன். குரலில் சந்தோஷம் தெரிந்திருக்க வேண்டும். அம்மா குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டார். "அதான் செருப்பு இறுக்குதா?"

"ஆமாம்மா" என்று சொன்னேன். யோசிக்காமல் சொன்ன அந்த பதில் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

பெரிய ஆபரேஷன் ஒன்று முடிந்து அம்மா மூன்று மாதம் ஏறக்குறைய படுக்கையிலேயே இருந்தார். தொடையும் புஜமும் கண்ணுக்குத் தெரிந்தே இளைத்துப் போயின. "எடை கூடினா மட்டும் போதாது, தசை கூடணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை அம்மா ஒரு நாள் விடாமல் செய்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, இப்படி. அந்த உழைப்புக்குப் பலன் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த மெஷினை வாங்கினேன். கறுப்புக் கண்ணாடித் தட்டு, பாதம் படுகிற இடத்தில் நான்கு உலோகப் பட்டைகள். ஏறி நின்றால் சில நொடிகளில் எடை, கொழுப்பு, தசை, எலும்பு, உடல் நீர் என்று செல்போனில் பத்துப் பன்னிரண்டு எண்கள் வரிசையாக வந்து நிற்கும்.

பத்து நாளில் அம்மாவின் எடை 58 கிலோவிலிருந்து 60 ஆகியிருந்தது. வீட்டில் முன்பு இருந்த முள் மெஷின் எடையை மட்டும்தான் காட்டும். அதில் பார்த்திருந்தால் "இவ்வளவு கொஞ்சமா சாப்பிடுகிறவருக்கு 2 கிலோ எப்படிக் கூடியது?" என்று நிச்சயம் கேட்டிருப்பேன். புது மெஷினோ அந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே பதிலைக் கையில் கொடுத்துவிட்டது: தசை. நான் கேட்க ஆசைப்பட்ட பதிலும் அதுவேதான்.

இரண்டு நாள் கழித்து வழக்கமான செக்கப். டாக்டர் அம்மாவின் புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு தட்டுப்படுகிற இடத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தி, ஐந்தாறு நொடி அப்படியே வைத்திருந்து எடுத்தார். விரல் பதிந்த இடத்தில் குழி விழுந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி, பார்த்துக்கொண்டே இருந்தும் அது மேலெழவில்லை.

"நீர் கோத்திருக்கு" என்றார் டாக்டர். "எத்தனை நாளா இப்படி?"

நான் செல்போனை எடுத்து வரைபடத்தைக் காட்டினேன். தசைக் கோடு ஏறத் தொடங்கிய நாள்தான் அவர் கேட்ட நாள்.

அம்மாவின் இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலத்தில் குறைந்திருந்தது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் அது உறுதியானது. சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும் மாத்திரை கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் 3 கிலோ இறங்கியது. மூச்சு வாங்குவது நின்றது, செருப்பு தளர்ந்தது, இரவில் இரண்டு தலையணை வேண்டியிருந்தவருக்கு ஒன்று போதுமென்று ஆனது. ஆனால் வாரக் கடைசியில் மெஷினில் ஏறியபோது அது என்ன சொன்னது தெரியுமா? தசை குறைந்துவிட்டது, கொழுப்புச் சதவீதம் கூடிவிட்டது. சிவப்பு நிறத்தில், கீழ் நோக்கிய அம்புக்குறியோடு. அம்மா அதைப் பார்த்துவிட்டார். "இவ்வளவு நாள் போட்ட பயிற்சியெல்லாம் போச்சாடி?" என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அம்மா மோசமாகிக்கொண்டிருந்த நாட்களில் பாராட்டியதும், தேறி வந்த வாரத்தில் திட்டியதும் ஒரே கருவி. கருவி பழுதில்லை என்பது பிறகுதான் புரிந்தது. தன் வேலையை அது சரியாகத்தான் செய்திருக்கிறது. அதன் வேலை என்னவென்று எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். படித்தவற்றில் என் மனதில் தங்கியதை இங்கே எழுதுகிறேன்.

இந்த மெஷின்கள் கொழுப்பை அளப்பதில்லை, தசையையும் அளப்பதில்லை. அளப்பது ஒன்றே ஒன்றுதான்: உடம்பின் வழியே போகும் மிகச் சிறிய மின்சாரத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பது. பயோ இம்பீடன்ஸ் என்கிறார்கள். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மாறுதிசை மின்னோட்டம், பெரும்பாலும் 50 கிலோ ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில். அந்த வேகத்தில் திசை மாறுகிற இத்தனை சிறிய மின்சாரத்தை நரம்பு உணராது. அதனால்தான் ஏறி நிற்கிறவருக்கு எதுவுமே தெரிவதில்லை. பட்டைகள் நான்கு இருப்பதற்கும் காரணம் உண்டு. விரல் பக்கத்துப் பட்டைகள் இரண்டும் மின்சாரத்தைச் செலுத்தும், குதிகால் பக்கத்துப் பட்டைகள் இரண்டும் மின்னழுத்தத்தைப் படிக்கும். செலுத்துவதையும் படிப்பதையும் பிரித்துவிட்டால், காய்ந்த தோலின் தடை கணக்கில் வந்து குழப்பாது.

நம் உடம்பில் மின்சாரத்தைக் கடத்துவது உப்புகள் கரைந்த நீர். தசையில் நீர் நிறைய, கொழுப்புத் திசுவில் மிகக் குறைவு. ஆக, தடை குறைவாக இருந்தால் நீர் அதிகம் என்று பொருள். நீர் அதிகம் என்றால் கொழுப்பில்லாத திசு அதிகம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதை மொத்த எடையிலிருந்து கழித்தால் மிச்சம் கொழுப்பு. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி மட்டுமே அளவீடு. அதற்கப்புறம் வருவதெல்லாம் அனுமானம். "வைத்துக்கொள்கிறார்கள்" என்று நான் எழுதிய இடத்தில்தான் அம்மாவின் கால் சிக்கிக்கொண்டது.

அந்த அனுமானம் எங்கிருந்து வந்தது? 1945இல் பேஸ், ராத்பன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கினிப் பன்றிகளை ஆராய்ந்து, கொழுப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால் உடல் எடையில் நீரின் பங்கு ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது, அது 73 சதவீதத்தை ஒட்டி வருகிறது என்று எழுதினார்கள். ஆரோக்கியமான வளர்ந்த மனிதர்களுக்கும் அது பெரும்பாலும் பொருந்துகிறது. அழகான கண்டுபிடிப்பு அது, அதில் சந்தேகமில்லை. உடல் நீரை எப்படியாவது கணித்துவிட்டால் 0.73ஆல் வகுத்துக் கொழுப்பில்லாத எடையைச் சொல்லிவிடலாம். ஆனால் காலில் 2 லிட்டர் நீர் கோத்த ஒருவருக்கு அந்த விகிதம் உடைந்துபோகிறது. நீரைக் கண்ட சூத்திரம், இந்த நீரைச் சுமக்க இத்தனை தசை இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுகிறது.

இன்னொரு அனுமானம் வடிவம் பற்றியது. பள்ளியில் படித்ததுதான்: கம்பி நீளமானால் தடை கூடும், தடிமனானால் தடை குறையும். உடம்பையும் ஒரே சீரான உருளையாக நினைத்துக்கொண்டால், அதன் கன அளவு நீளத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் வருவதோடு பொருந்திப் போகும். நீளத்துக்குப் பதில் உயரத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். உயரத்தின் வர்க்கத்தை இம்பீடன்ஸால் வகுத்த எண் உடலின் மொத்த நீரோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது என்று ஹாஃபரும் அவருடைய சகாக்களும் 1969இல் காட்டினார்கள். 1985இல் லுகாஸ்கியின் குழு 37 ஆண்களிடம் நான்கு மின்முனை முறையைச் சோதித்துக் கொழுப்பில்லாத எடையை மதிப்பிட்டது. இன்று நம் காலடியில் இருக்கும் கண்ணாடித் தட்டுக்கு வேர் இந்த ஆய்வுகளில் இருக்கிறது.

மனித உடம்பு ஒரே சீரான உருளை இல்லை என்பது கண்ணாடி முன்னால் நின்றாலே தெரியும். தோட்டத்து ஓஸ் பைப்பை நடுவில் கொஞ்சம் நெரித்துப் பாருங்கள். பைப் எவ்வளவு நீளமாக இருந்தாலும் தண்ணீர் வரத்தைத் தீர்மானிப்பது அந்த நெரித்த இடம்தான். மின்சாரத்துக்கு நம் உடம்பில் நெரித்த இடங்கள் கையும் காலும், குறிப்பாக மணிக்கட்டும் கணுக்காலும். எடையில் ஏறக்குறைய பாதி நடுவுடலில்தான் இருக்கிறது. ஆனால் மொத்தத் தடையில் அதன் பங்கு பத்தில் ஒன்று அளவுக்குத்தான். அதாவது, எல்லோரும் கவலைப்படுகிற வயிற்றைப் பற்றி இந்த மின்சாரத்துக்குத் தெரிவது மிகக் கொஞ்சம். பாதத்தால் மட்டும் ஏறி நிற்கும் மெஷினில் நிலைமை இன்னும் மோசம். மின்சாரம் ஒரு காலில் ஏறி இடுப்போடு திரும்பி மறு காலில் இறங்கிவிடும். கையை அது பார்க்கவே இல்லை. ஆனாலும் உடல் முழுவதற்கும் எண் சொல்லும்.

அம்மாவின் நீர் கோத்திருந்தது கணுக்காலிலும் கெண்டைக்காலிலும். அளவீடு எந்த இடத்தில் மிக உணர்திறனோடு இருந்ததோ, சரியாக அந்த இடத்தில்.

சில வாரம் கழித்து அம்மாவின் உடல்நீரை முறைப்படி அளக்க ஆஸ்பத்திரியின் உணவியல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டெக்னீஷியன் பொறுமையான மனிதர். என் கேள்விகளைக் கேட்டுவிட்டு, "நீங்களும் படுங்க மேடம், எடுத்துப் பார்த்தா புரிஞ்சிடும்" என்றார். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். மல்லாந்து படுத்தேன். பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். எழுந்து நிற்கும்போது காலில் தேங்கும் நீர், படுத்ததும் மெல்ல மேலே வரும், அது ஒரு நிலைக்கு வரக் காத்திருக்கிறோம் என்றார். கை உடம்பில் படாமல் விலக்கி வைத்தார். தொடைகள் ஒன்றையொன்று தொடாமல் நடுவே ஒரு துணியை மடித்து வைத்தார். "தொட்டுச்சுன்னா கரண்ட்டு குறுக்கு வழியில போயிடும்." ஸ்பிரிட் பஞ்சால் கையின் மேற்புறத்தையும் பாதத்தின் மேற்புறத்தையும் துடைத்தார். கையில் இரண்டு, காலில் இரண்டு ஒட்டும் பட்டைகள். ஒட்டும்போது இடைவெளியை அளந்து பார்த்தார். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே தடை 2 சதவீதம் வரை மாறிவிடுமாம்.

திரையில் இரண்டே எண்கள் வந்தன. மின்தடை 590 ஓம். ரியாக்டன்ஸ், அதாவது செல் சவ்வுகளால் வரும் வேறு வகைத் தடை, 58 ஓம். "மெஷின் சொன்னது இது மட்டும்தான் மேடம். மத்ததெல்லாம் நாம போடுற கணக்கு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். ஜெனீவாவில் உர்சுலா கைலும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட சமன்பாடு ஒன்று எல்லோருக்கும் கிடைக்கிறது. 20 முதல் 94 வயது வரையிலானவர்களுக்கு ஒரே சூத்திரமாக அதைக் கொடுத்திருக்கிறார்கள். சென்டிமீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்து 0.518ஆல் பெருக்க வேண்டும். எடையை 0.231ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். ரியாக்டன்ஸை 0.130ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆண் என்றால் 4.229 சேர்க்க வேண்டும், பெண் என்றால் எதுவும் வேண்டாம். கடைசியில் 4.104ஐக் கழித்தால் கொழுப்பில்லாத எடை கிலோவில் வரும். என் உயரம் 158, எடை 62. கணக்குப் போட்டால் 39.7 கிலோ வருகிறது. மிச்சம் 22.3 கிலோ கொழுப்பு, அதாவது 36 சதவீதம்.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். இதை யாரும் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு செய்து பார்க்கலாம், செய்து பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். எடை 63. தண்ணீர் இன்னும் வயிற்றில் இருக்கிறது, தடை அசைவதில்லை. கணக்குப்படி கொழுப்பு 22.3 கிலோவிலிருந்து 23.1 கிலோவாகிறது. குடித்த தண்ணீரில் முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பாகிவிட்டது! உயரத்தை 158க்குப் பதில் 160 என்று பதிந்தால் 36 சதவீதம் 35 ஆகிறது. தடை 590லிருந்து 572க்கு இறங்கினால், அதாவது வெறும் 3 சதவீதம் மாறினால், 36 என்பது 35க்கும் கீழே போகிறது. உடல் சூடேறித் தோலில் ரத்த ஓட்டம் கூடினாலே தடை இறங்கும். அப்புறம் ஆண் என்று போட்டுப் பார்த்தேன். அதே உடம்பு, அதே 590 ஓம். கொழுப்பு 29 சதவீதம்.

எடைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த 0.231 என்ற எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தடை மாறாமல் ஒருவருக்கு 1 கிலோ குறைந்தால், அதில் 231 கிராம் தசைப் பக்கம், 769 கிராம் கொழுப்புப் பக்கம் என்று சூத்திரம் முன்கூட்டியே பங்கு பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பங்கு அவருடைய உடம்பிலிருந்து வந்தது இல்லை. என்றைக்கோ, எங்கோ அளக்கப்பட்ட வேறு பலருடைய சராசரியிலிருந்து வந்தது. மெஷின் நிறுவனங்கள் தங்கள் சூத்திரத்தை வெளியே சொல்வதில்லை, ஆனால் உயரம், எடை, வயது, பாலினம் என்று கேட்காமல் அளக்கத் தொடங்கும் மெஷின்கள் குறைவு. ஏன் கேட்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். சில மெஷின்களில் விளையாட்டு வீரர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கொழுப்பு சட்டென்று இறங்கும். உடம்பு அப்படியேதான் இருக்கும், வேறு சராசரிக்கு மாற்றிவிட்டோம், அவ்வளவே.

இந்தச் சராசரி யாருடையது என்பது சாதாரண விஷயமில்லை. 2004இல் லான்செட் இதழில் யாக்னிக், யுட்கின் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கள் இருவரின் படத்தையே போட்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் ஆங்கிலேயர். உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3தான். உடல் கொழுப்போ யாக்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1 சதவீதம். ஓர் இனத்தாரிடம் அளந்து எழுதிய சூத்திரத்தை இன்னொருவர் மேல் அப்படியே போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க இந்த ஒரு படம் போதும்.

சரி, சூத்திரம் எழுதியவர்களுக்கு உண்மையான கொழுப்பு எப்படித் தெரிந்தது? அவர்கள் இன்னொரு கருவியோடு ஒப்பிட்டார்கள். ஜெனீவாக் குழு டெக்ஸா என்ற எக்ஸ்ரே முறையோடு. அதற்கு முந்தைய தலைமுறை நீருக்குள் மூழ்கி எடை பார்க்கும் முறையோடு. அந்த முறையோ கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்றதன் அடர்த்தி 1.1 என்று வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு படியிலும் ஓர் அனுமானம் இன்னொன்றின் தோளில் ஏறி நிற்கிறது. நேரடியாக அளக்க ஒரே வழிதான் உண்டு, உடலை அறுத்துத் தனித்தனியாக எடை போடுவது. பிரஸ்ஸல்ஸில் அப்படி 25 சடலங்களை அறுத்து ஆராய்ந்து 1984இல் முடிவுகளை எழுதினார்கள். உயிரோடு இருப்பவருக்கு அந்த வழி இல்லை. ஆகவே நல்ல சமன்பாடுகளிலேயே தனி ஒருவரின் கொழுப்புச் சதவீதம் 3, 4 புள்ளி முன்பின் இருப்பது சகஜம். மெஷின் மட்டும் 36.4 என்று தசமப் புள்ளியோடு சொல்கிறது. எனக்கு மிகுந்த கோபம் வருவது அந்தத் தசமப் புள்ளியின் மேல்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு மெஷினைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மின்சாரம் சொல்கிற செய்தி உண்மையானது. அதை உடனே கொழுப்பாகவும் தசையாகவும் மொழிபெயர்க்காமல், அது பேசுகிற மொழியிலேயே கேட்டால், டாக்டருக்கு அது நிறையச் சொல்லும்.

அந்த 58 ஓம் ரியாக்டன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நம் செல் ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் உப்பு நீர், நடுவே மின்சாரத்தைக் கடத்தாத சவ்வு. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் மின்தேக்கிக்கு இதே அமைப்புதான், ரியாக்டன்ஸ் வருவதும் அதனால்தான். மின்னோட்டத்தின் அதிர்வெண் குறைவாக இருந்தால் அது செல்லுக்குள் நுழைய முடியாமல் வெளியே இருக்கும் நீரிலேயே சுற்றிப் போகும். அதிர்வெண் கூடக் கூடச் சவ்வைத் தாண்டி உள்ளேயும் போகும். 5 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 1 மெகா ஹெர்ட்ஸ் வரை மாற்றி மாற்றி அளந்தால், வெளியே உள்ள நீர் எவ்வளவு, மொத்த நீர் எவ்வளவு என்று பிரித்துக் கணிக்கலாம். ஆரோக்கியமாக இருப்பவருக்கு உடல் நீரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் செல்களுக்கு வெளியே இருக்கும். நீர் கோத்தவருக்கு அந்தப் பங்கு கூடும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்று மதிப்பிட இந்த முறை உதவுகிறது.

மின்தடை, ரியாக்டன்ஸ் இரண்டையும் சேர்த்து ஃபேஸ் ஆங்கிள் என்று ஒரு கோணம் கணக்கிடுகிறார்கள். எனக்கு 5.6 டிகிரி வந்தது. இதில் உயரம் இல்லை, எடை இல்லை, யாருடைய சராசரியும் இல்லை. செல் சவ்வுகள் உறுதியாகவும் நிறையவும் இருந்தால் கோணம் கூடும். நோயில், பட்டினியில், நீர் கோத்தலில் குறையும். கல்லீரல் சுருக்க நோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றில் இந்தக் கோணம் குறைவாக இருப்பவர்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பும் குறைவாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன.

அம்மாவையும் அன்று படுக்க வைத்து அளந்தார்கள். முதல் முறை 4.1 டிகிரி. இரண்டு மாதம் கழித்து 4.6. டெக்னீஷியன் தாளை அம்மாவிடமே கொடுத்து, "அம்மா, இந்த நம்பர் ஏறினா நல்லது. உங்களுக்கு ஏறியிருக்கு" என்றார். செல்போனில் வந்த அம்புக்குறிகளுக்கெல்லாம் அம்மா காட்டாத ஒரு சிரிப்பு அன்று வந்தது.

மெஷின் வைத்திருக்கிறவர்கள் என்னிடம் கேட்கும்போது நான் சொல்வது கொஞ்சம்தான். காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால், எப்போதும் ஒரே மாதிரி அளங்கள். எழுந்தவுடனே ஏறாமல் கொஞ்ச நேரம் நடமாடிவிட்டு ஏறுவது நல்லது. இரவெல்லாம் படுத்திருந்ததில் காலில் நீர் குறைந்திருக்கும், தடை கூடுதலாகக் காட்டும், அதனால் கொழுப்பும் கூடுதலாகத் தெரியும். சாயங்காலம் அளந்தால் நேர் எதிர். உடற்பயிற்சி முடித்த கையோடு அளக்க வேண்டாம். ஒரு மெஷினின் எண்ணை இன்னொரு மெஷினின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கவே வேண்டாம், மாதக் கணக்கில் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பாருங்கள். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே தசை போய்விட்டதாக மெஷின் காட்டலாம். தசையில் சேமித்து வைத்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்தும், அதன் ஒவ்வொரு கிராமோடும் ஒட்டியிருந்த மூன்று கிராம் அளவு நீரும் போயிருக்கும், தசை நார் அங்கேயேதான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அந்த முதல் வாரத் தாளைப் பார்த்துவிட்டு அழுதே விட்டாள். பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலுக்குள் பொருத்தியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

அப்புறம் இதயமோ சிறுநீரகமோ கல்லீரலோ பலவீனமாக இருப்பவர்கள் வீட்டில் இருந்தால், பழைய எடை, அதை மட்டும் பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் டாக்டரைக் கூப்பிடச் சொல்கிறார்கள். தசையா கொழுப்பா என்று அந்த 2 கிலோவை மெஷின் பிரித்துச் சொல்வதை நம்ப வேண்டாம். நாங்கள் நம்பினோம். அந்தப் பத்து நாளும் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே குதிகாலை உயர்த்திக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் அதே கண்ணாடித் தட்டுதான் வீட்டில் இருக்கிறது. செல்போன் இணைப்பை எடுத்துவிட்டேன், அது எடையை மட்டும் காட்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறார் என்று வாரம் ஒருமுறை எண்ணுகிறோம். தொடங்கியபோது 5, போன வாரம் 11. தசையைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்பியது அதில் கிடைத்துவிடுகிறது. தினமும் காலையில் அம்மா தட்டில் ஏறி எண்ணைப் படிப்பார். நான் காலண்டரில் குறித்துக்கொள்வேன். அப்புறம் அவர் கட்டிலில் உட்கார்ந்து, தானே குனிந்து முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி, உதட்டுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு எடுப்பார்.

"57.2. குழி இல்லைடி" என்றார் இன்று காலை.